அலுமினியமும் செம்பும் ஒட்டிய விதம்: கருவியின் வடிவம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சேலம் சூரமங்கலம் பக்கம் எங்களுடைய பட்டறை இருக்கிறது. இரண்டு லேத், ஒரு ட்ரில்லிங் மிஷின், ஒரு பழைய எச்எம்டி செங்குத்து மில்லிங் மிஷின், அவ்வளவுதான். வழக்கமாக டை, ஜிக், தேய்ந்த ஷாஃப்ட் என்று வரும் வேலையைச் செய்துகொடுப்போம். மின் பேனல் செய்யும் ஒருவர் ஒருநாள் கருத்துப்போன ஒரு பஸ்பார் (பேனலுக்குள் மின்சாரம் கடத்தும் உலோகப் பட்டை) துண்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அதுதான் தொடக்கம்.

அவருடைய பேனலில் பஸ்பார் அலுமினியம், பிரேக்கரின் முனை செம்பு. இரண்டையும் போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். ஒரு டிகிரி சூட்டுக்கு ஒரு மீட்டர் அலுமினியம் சுமார் 23 மைக்ரான் நீளும், செம்பு 17 மைக்ரான்தான் நீளும். பகலில் லோடு ஏறி இரவில் இறங்கும்போதெல்லாம் இரண்டும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டே இருக்க, போல்ட் மெல்லத் தளர்கிறது. ஈரக் காற்றும் சேர்ந்துவிட்டால் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். தொடும் இடத்தில் தடை கூடும், சூடு கூடும், கடைசியில் கருகும். பாதி செம்பும் பாதி அலுமினியமுமாக ஒரே துண்டு கிடைத்தால் செம்புப் பக்கத்தைச் செம்போடும் அலுமினியப் பக்கத்தை அலுமினியத்தோடும் இறுக்கிவிடலாம் என்பது அவர் யோசனை. கனம் 5 மி.மீ.

"கொலுசுப் பட்டறையில் பொடி வச்சு ஊதுற மாதிரி ஊதி ஒட்ட முடியாதா சார்?" என்று கேட்டார். செவ்வாய்பேட்டையில் வெள்ளி வேலையைப் பார்த்து வளர்ந்தவர் அப்படிக் கேட்பதில் வியப்பில்லை. ஆனால் அலுமினியத்தின் மேலே இருக்கும் ஆக்சைடு தோல் 2000 டிகிரிக்கு மேல்தான் உருகும், உள்ளே இருக்கும் உலோகமோ 660 டிகிரியிலேயே ஒழுகிவிடும். வெள்ளியை ஒட்டும் அந்தப் பொடி உருகி ஓடும் சூட்டுக்குப் பக்கத்தில் அலுமினியமும் ஓடிவிடும். ஆர்க் வெல்டிங்கில் சிக்கல் இன்னும் பெரிது. செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். அதோடு இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் 548 டிகிரியிலேயே ஒரு கலவை திரவமாகி, ஆறும்போது கண்ணாடி போல நொறுங்கும் பொருளாக உறைந்துவிடும்.

உருக்காமல் ஒட்டும் வழி

ஃப்ரிக்‌ஷன் ஸ்டிர் வெல்டிங் 1991-இல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகே உள்ள வெல்டிங் ஆய்வு நிறுவனத்தில் பிறந்த முறை. சுழலும் ஒரு எஃகுக் கருவியை இரண்டு தட்டுகளின் சந்திப்பில் அழுத்தி இறக்கி, அப்படியே நகர்த்திக்கொண்டு போவார்கள். கருவியின் அகன்ற பகுதிக்கு ஷோல்டர் என்று பெயர். அது மேற்பரப்பில் உரசிச் சூடேற்றும், இளகியதை மேலே பிதுங்காமல் மூடியும் வைக்கும். கீழே நீட்டிக்கொண்டிருக்கும் முளைக்குப் பின் (pin) என்று பெயர். அது உள்ளே இறங்கி, இளகிய உலோகத்தை முன்னிருந்து பின்னுக்குத் தள்ளும். எதுவும் உருகுவதில்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கேழ்வரகுக் களியைச் சொன்னால் உடனே புரியும். கோல் மெலிதாக இருந்தால் களி கோலைச் சுற்றிக்கொள்ளும், நடுவில் கட்டி தட்டும். பட்டையான துடுப்பு அடிவரை புரட்டிவிடும். நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். நன்றாகக் கிளறுகிற வடிவம் எதுவோ அதுதான் நல்ல கருவி என்று முடிவு கட்டிக்கொண்டோம். இரண்டு பக்கமும் அலுமினியமாக இருந்தால் அந்த எண்ணம் பெரும்பாலும் சரிதான். செம்பும் அலுமினியமும் சேரும்போது அதுவே எங்களை இரண்டு மாதம் தவறான திசையில் ஓட்டியது.

வேலையில் இருந்தவர்கள் நாலு பேர். குறிப்பேடு எழுதிய நான், முப்பது வருடம் லேத்தில் நின்ற அண்ணன், டிப்ளமோ முடித்துவிட்டு வந்த ஒரு தம்பி, தன் கல்லூரி ஆய்வகத்தில் மைக்ரோஸ்கோப்பைத் திறந்துவிட்ட ஒரு பேராசிரியர். கருவிக்கு எச்13 எஃகு ராடு வாங்கினோம். சூட்டில் தளராத டை எஃகு அது. கடைந்து முடித்ததும் கடினப்படுத்த வெளியே அனுப்புவோம், ராக்வெல் சி அளவில் 50-க்கு மேல் கேட்டு வாங்குவோம். 250 மி.மீ நீளப் பட்டைகளை நீளவாட்டில் ஒட்டி, பிறகு குறுக்கே 40 மி.மீ துண்டுகளாக அறுப்பது திட்டம். கருவி இறங்கும் முனையும், ஏறும்போது ஓட்டை விட்டுப்போகும் முனையும் கழிவு.

எந்தப் பக்கம் எது

முதல் கருவி மிகச் சாதாரணமானது. 20 மி.மீ தட்டையான ஷோல்டர், அதில் 6 மி.மீ விட்டமும் 4.8 மி.மீ நீளமும் கொண்ட நேரான உருளைப் பின். பின்னின் மையத்தைச் சந்திப்புக் கோட்டின்மேலேயே வைத்தோம். நிமிடத்துக்கு 1120 சுற்று, ஃபீட் (நகரும் வேகம்) நிமிடத்துக்கு 63 மி.மீ. வந்தது பட்டை அல்ல, வாய்க்கால். ஒரு பக்கம் அலுமினியம் பிசிறாக வழிந்து நின்றது, மறுபக்கம் செம்பின் ஓரம் அப்படியே கிடந்தது. தம்பி இரண்டு கையால் வளைத்ததும் பிரிந்துவிட்டது.

கருவி சுழலும் திசையும் நகரும் திசையும் ஒன்றாகச் சேரும் பக்கம் ஒன்று உண்டு, அதை முன்னேறும் பக்கம் என்பார்கள். எதிரெதிராகப் போகும் மறுபக்கம் பின்வாங்கும் பக்கம். கடினமான உலோகத்தை முன்னேறும் பக்கத்தில்தான் வைக்க வேண்டும் என்பதை நாங்கள் படித்திருந்தோம். அப்படித்தான் வைத்தோம் என்றும் நம்பினோம்.

தவறு வேறு இடத்தில் இருந்தது. மில்லிங் மிஷினில் கருவி நகர்வதில்லை, மேசைதான் நகர்கிறது. மேசை நம்மை நோக்கி வந்தால் கருவி நம்மை விட்டு விலகிப் போவதாகக் கணக்கு. தம்பி மேசை போகும் திசையைப் பார்த்துப் பக்கம் குறித்திருந்தான். செம்பு தலைகீழாகப் பின்வாங்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. இளகிய அலுமினியத்தைப் பின் எளிதாகச் சுழற்றிக் கொண்டுபோகும். கடினமான செம்பைப் பின்வாங்கும் பக்கத்திலிருந்து பெயர்த்து மறுபக்கம் கொண்டுபோய் நிரப்ப அதற்கு வலு இல்லை, அதனால் பள்ளம் பள்ளமாகவே நின்றுவிட்டது.

அன்று மாலையே மேசையின் ஓரத்தில் பெயிண்டால் இரண்டு அம்புக்குறி போட்டோம். ஒன்று மேசைக்கு, ஒன்று கருவிக்கு. பட்டைகளை மாற்றி வைத்து, கருவியைப் பிடித்துச் சுழற்றும் ஸ்பிண்டில் தலையை 2 டிகிரி பின்னால் சாய்த்து, ஷோல்டரின் அடியில் லேசான குழிவு கடைந்து மறுபடி ஓட்டினோம். சாய்வும் குழிவும் சேர்ந்து, வெளியே வழிந்திருக்க வேண்டிய உலோகத்தைப் பிடித்து அமுக்கின. மேலே பார்த்தால் வளையம் வளையமாக அழகான கோடு. அறுத்துப் பார்த்தால் அடியில் நூல் கனத்துக்கு ஒரு சுரங்கம், பட்டையின் நீளம் முழுவதும்.

மரை

சுரங்கத்தை மூட வேண்டுமானால் உலோகத்தைக் கீழே தள்ள வேண்டும், கீழே தள்ள மரை போட்ட பின் வேண்டும். யோசனை சரிதான். பட்டறையில் சாதாரண வலது மரை வெட்டும் எம்6 டை கைக்கெட்டும் இடத்தில் இருந்ததால் அவசரத்தில் அதையே போட்டுப் பின்னை மரையாக்கிவிட்டேன். இந்தத் தவறு என்னுடையது.

ஓட்டத் தொடங்கியதும் பிசிறு சுருள் சுருளாக மேலே கிளம்பியது. ஷோல்டரைக் கொஞ்சம் அழுத்தினால் அடங்கும் என்று அழுத்தினேன், இன்னும் கூடியது. அறுத்தபோது அடிச் சுரங்கம் முன்னைவிடப் பெரிதாகியிருந்தது. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் ஒரு போல்ட்டையும் நட்டையும் எடுத்தார். போல்ட்டின் தலை மேலே இருக்கும்படி பிடித்து, நட்டு சுற்றாமல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, போல்ட்டை வலச்சுற்றாகத் திருப்பினார். நட்டு மேலே ஏறி வந்தது.

"அலுமினியம்தான் தம்பி இந்த நட்டு. நீ மேலே இழுத்துக்கிட்டு இருக்கே."

வலச்சுற்று ஸ்பிண்டிலுக்கு இடது மரை வேண்டும். அண்ணன் லேத்தில் இடது மரை வெட்டிப் புதுக் கருவி செய்தார். கடினப்படுத்தி வந்ததும் ஓட்டினோம். பிசிறு அடங்கியது, சுரங்கம் மூடிக்கொண்டது. எக்ஸ்ரே படத்திலும் ஓட்டை இல்லை. வேலை முடிந்தது என்று பேனல்காரரை போன் போட்டு வரச் சொல்லிவிட்டோம்.

அவர் முன்னால் ஒரு துண்டை வைஸில் பிடித்துச் சுத்தியலால் லேசாகத் தட்டினேன். ஓடு உடைவதுபோல ஒரு சத்தம். சந்திப்பிலேயே ஒடிந்தது. ஒடிந்த முகம் சாம்பல் நிறமாக மினுங்கியது. அதில் செம்பின் நிறமும் இல்லை, அலுமினியத்தின் நிறமும் இல்லை.

மைக்ரோஸ்கோப்பில் தெரிந்தது

கல்லூரி ஆய்வகத்தில் குறுக்குவெட்டை எமரித்தாளில் தேய்த்து மெருகேற்றிப் பார்த்தபோது, அலுமினியத்துக்குள் செம்புச் சீவல்கள் மேகம்போலச் சிதறிக் கிடந்தன. சில சீவல்களைச் சுற்றி அடுக்கடுக்காகச் சாம்பல் தோல். கடினம் அளக்கும் ஊசியை அங்கே அழுத்தினால், இரண்டு உலோகத்தையும்விடப் பல மடங்கு கடினம் காட்டியது. அலுமினியமும் செம்பும் சூட்டில் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவும்போது பிறக்கும் சேர்மங்கள் அவை. இரண்டு பங்கு அலுமினியத்துக்கு ஒரு பங்கு செம்பு சேர்ந்தது ஒன்று, நாலுக்கு ஒன்பது சேர்ந்தது இன்னொன்று. மெல்லிய படலமாக, ஒன்றிரண்டு மைக்ரான் அளவில் இருந்தால் அதுதான் ஒட்டு. தடித்துவிட்டால் அதுவே விரிசலுக்கு வழி.

மரையின் ஒவ்வொரு விளிம்பும் செம்பைச் சீவிச் சீவி அலுமினியத்துக்குள் தள்ளியிருக்கிறது. ஒவ்வொரு சீவலுக்கும் சுற்றிலும் புதுப் பரப்பு. அந்தப் பரப்பு முழுவதும் சேர்மம் விளைகிற வயல். சுரங்கத்தை மூடிய அதே மரைதான் இணைப்பை நொறுங்கவும் வைத்தது.

இதைக் கண்ணால் பார்த்த பிறகும் நாங்கள் திருந்தவில்லை என்பதைப் பதிவு செய்ய வேண்டும். கலவை போதவில்லை, சீராகக் கலந்தால் சரியாகிவிடும் என்று சதுரப் பின்னுக்குப் போனோம்.

சதுரப் பின்

சதுரத்துக்கு இருக்கும் பெயர் சும்மா வந்ததல்ல. சதுரப் பின் சுழலும்போது அது துடைக்கும் வட்டத்தின் கன அளவு, பின்னின் சொந்தக் கன அளவைப்போல 1.57 மடங்கு. முக்கோணப் பின்னுக்கு 2.42 மடங்கு. உருளைக்கு ஒன்றுக்கு ஒன்று. அந்தக் கூடுதல் இடத்தில்தான் உலோகம் புகுந்து புறப்படுகிறது. போதாததற்கு ஒவ்வொரு சுற்றிலும் நாலு முகம் நாலு அடி கொடுக்கும். 900 சுற்றில் ஓட்டினால் விநாடிக்கு 60 அடி. அலுமினியத்தோடு அலுமினியம் ஒட்டும்போது இந்தத் துடிப்பு அருமையாக வேலை செய்யும்.

எங்கள் முதல் சதுரப் பின், பட்டையில் ஒரு சாண் ஓடுவதற்குள் அடியோடு ஒடிந்து உள்ளேயே நின்றுவிட்டது. பின் ஷோல்டரில் சேரும் மூலையை நேர்க்கோணமாக வெட்டியிருந்தோம், ரேடியஸ் (மூலையில் வளைவு) விடவில்லை. ஒடிந்த முகத்தில் விரிசல் அந்த மூலையிலிருந்துதான் கிளம்பியிருந்தது. இரண்டாவது பின்னில் ரேடியஸ் விட்டோம், ஒடியவில்லை. ஆனால் அறுத்தபோது செம்புச் சீவல் முன்னைவிட அதிகம், சீவல்களும் பெரிது. நாலு பட்டை ஓட்டியதும் சதுரத்தின் முனைகள் மழுங்கி, பின் பாதி உருளையாகியிருந்தது. துண்டுகள் வழக்கம்போல ஒடிந்தன.

கேள்வி மாறிய இடம்

பேராசிரியர் அந்தப் படங்களை வரிசையாக வைத்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "உங்களுக்குக் கலவை எதுக்கு வேணும்?"

எங்களிடம் பதில் இல்லை. பஸ்பாருக்கு வேண்டியது செம்பின் ஒரு சுத்தமான முகம், அலுமினியத்தின் ஒரு சுத்தமான முகம், நடுவில் காற்றும் ஆக்சைடும் இல்லாத தொடுப்பு. அலுமினியத்தைக் கிளறலாம், கிளறத்தான் வேண்டும். செம்பின் முகத்தைத் துடைத்தால் போதும். களி கிண்டுவதாக நினைத்துக்கொண்டு இரண்டையும் ஒரே சட்டியில் போட்டதுதான் பிழை.

அன்று எடுத்த முடிவு: பின்னைச் சந்திப்பின் மையத்திலிருந்து நகர்த்தி, ஏறக்குறைய முழுவதும் அலுமினியத்துக்குள் வைப்பது. செம்பில் 0.2 மி.மீ மட்டும் படட்டும். பின்னின் ஆரம் 3 மி.மீ என்றால் மையம் சந்திப்பிலிருந்து 2.8 மி.மீ உள்ளே. டயல் கேஜ் வைத்துப் பிடிக்கக்கூடிய அளவுதான். இதற்குப் பிறகு கருவியின் வடிவம் எங்களுக்கு வேறு ஒரு கேள்வியாகிவிட்டது. எது நன்றாகக் கிளறும் என்று கேட்பதை விட்டுவிட்டு, பின்னின் எந்தப் பகுதி எவ்வளவு ஆழத்தில் செம்பைத் தொடுகிறது என்று கேட்கத் தொடங்கினோம்.

கூம்பும் நேரும்

கையிலிருந்த கருவிகளில் கூம்புப் பின் ஒன்று இருந்தது. மேலே 6 மி.மீ, முனையில் 4 மி.மீ. இறங்கச் சுலபம், ஒடிவதும் குறைவு. அதையே எடுத்து 2.8 மி.மீ நகர்த்தி ஓட்டினோம். மேல் பாதியில் இணைப்பு அற்புதமாக வந்தது. செம்பின் ஓரம் கோடு கிழித்தாற்போல நின்றது, சீவலே இல்லை. அடிப் பாதி ஒட்டவே இல்லை. பின்பக்கத்தில் ரேசர் பிளேடை நுழைக்கலாம்.

காரணம் தாளில் படம் போட்டதும் விளங்கியது. செம்பின் முகம் செங்குத்து, கூம்பின் பக்கம் சாய்வு. மேலே 0.2 மி.மீ செம்பில் படும் பின், முனையில் 1 மி.மீ மெலிந்திருக்கிறது. அங்கே செம்புக்கும் பின்னுக்கும் நடுவே 0.8 மி.மீ இடைவெளி. மையத்தில் வைத்து ஓட்டியிருந்தால் இந்தச் சாய்வு ஒரு பொருட்டே இல்லை. ஓரத்தில் வைத்ததும் அதுவே எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்டது. செம்பின் ஓரத்தையும் அதே சாய்வில் வெட்டிவிடலாம் என்றான் தம்பி. அதுவும் முறையான வழிதான். ஆனால் ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு மில்லிங் வேலை கூடும் என்பதால் விட்டுவிட்டோம்.

மறுபடி நேரான உருளைக்கே வந்தோம், எதை முதல் நாளே தூக்கி எறிந்தோமோ அதற்கே. ஆனால் வழவழப்பான உருளை அலுமினியத்தைச் சரியாகப் புரட்டவில்லை, சுரங்கம் திரும்பி வந்தது. அப்போதுதான் அண்ணன் உருளையின் பக்கத்தில் மூன்று பட்டை சீவலாம் என்றார். வட்டத்தைச் சம பங்காகப் பிரித்துத் திருப்பும் டிவைடிங் ஹெட்டில் வைத்து 120 டிகிரிக்கு ஒன்றாக, 0.4 மி.மீ ஆழத்துக்கு மூன்று தட்டை முகம். பட்டைகள் வட்டத்துக்கு உள்ளேதான் இருக்கின்றன, அதனால் சுழலும்போது பின் துடைக்கும் வட்டம் அதே 6 மி.மீ. செம்பில் படுவது அதே 0.2 மி.மீ, மேலிருந்து அடிவரை ஒரே அளவு. அலுமினியத்துக்கோ ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று தள்ளு கிடைக்கிறது. இந்த முழு வேலையிலும் என்னை மிகவும் மகிழ்வித்த யோசனை இதுதான். ஒரே பின், இரண்டு உலோகத்துக்கும் வேறு வேறு முகம் காட்டுகிறது.

ஷோல்டர்

பின்னிலேயே கண்ணாக இருந்த நாங்கள் ஷோல்டரைப் பற்றிக் கடைசியில்தான் யோசித்தோம். அது தவறு, ஏனென்றால் சூட்டில் பெரும்பங்கு ஷோல்டரிலிருந்துதான் வருகிறது. அழுத்தமும் சுற்றும் மாறாவிட்டால் உராய்வுச் சூடு ஆரத்தின் மும்மடி வீதத்தில் ஏறும். 20 மி.மீ ஷோல்டரை 16 ஆக்கினால் 0.8-இன் மும்மடி, அதாவது ஏறக்குறைய பாதிச் சூடு. அதோடு முன்பு மையத்தில் வைத்தபோது ஷோல்டர் செம்பின்மேல் 10 மி.மீ அகலத்துக்கு உரசியது. 16 மி.மீ ஷோல்டரை 2.8 மி.மீ நகர்த்தி வைத்தால் செம்பின்மேல் படுவது 5.2 மி.மீ மட்டும். மேற்பரப்பில் செம்பை இழுத்து அலுமினியத்தின்மேல் பூசுவதும் அதனால் குறைந்தது.

சூடு குறைந்தால் அலுமினியம் போதுமான அளவு இளகாது என்ற அச்சம் இருந்தது. முதல் பட்டையில் அப்படியே ஆயிற்று, தலைப்பக்கத்தில் சிறு சுரங்கம். சுற்றைக் கூட்டுவதா, ஃபீடைக் குறைப்பதா என்று பேசி, 900 சுற்றை அப்படியே வைத்து ஃபீடை மட்டும் 63-இலிருந்து 40-க்கு இறக்கினோம். நகரத் தொடங்கும் முன் கருவியை அதே இடத்தில் சில விநாடி சுழலவிட்டுச் சூடேற்றிக்கொண்டோம். சுரங்கம் போய்விட்டது.

சோதனையும் விளைவும்

இழுவைச் சோதனைக்கு ஆறு துண்டு கொடுத்தோம். ஐந்து, சந்திப்பை விட்டுத் தள்ளி அலுமினியத்தில் அறுந்தன. நாங்கள் எடுத்த 6101 ரக அலுமினியம் முன்பே சூட்டுப் பதம் ஏற்றி வருவது. வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் சற்று இறங்கும், அந்த இளகிய பகுதிதான் அறுந்தது. அதை நாங்கள் நல்ல முடிவாகவே எடுத்துக்கொண்டோம். ஆறாவது துண்டு சந்திப்பில் பிரிந்தது. அந்தப் பட்டையில் நடுக் கிளாம்ப் தளர்ந்து, ஓடும்போது தட்டுகள் நகர்ந்திருந்தன. கருவிமேல் குறை இல்லை என்றாலும் கணக்கில் அது தோல்விதான்.

பேனல்காரருக்கு வேண்டியது மின்தடை. 100 ஆம்பியர் நேர்மின்சாரம் செலுத்தி, சந்திப்பின் இரு பக்கமும் மில்லிவோல்ட் அளந்தோம். அதே நீளச் செம்புத் துண்டு, அதே நீள அலுமினியத் துண்டு, இரண்டின் அளவுக்கும் நடுவில் நின்றது. மரைப் பின்னால் ஒட்டிய பழைய துண்டு தனி அலுமினியத்தைவிடவும் அதிகமாகக் காட்டியிருந்தது. இந்த ஒப்பீட்டைப் பார்த்த பிறகுதான் அவர் முகத்தில் நம்பிக்கை வந்தது.

ஒரு துண்டைக் கல்லூரி உலையில் 300 டிகிரியில் ஒருநாள் முழுக்க வைத்து எடுத்தோம். சேர்மப் படலம் கண்கூடாகத் தடித்திருந்தது, வளைத்தபோது சந்திப்பில் விரிந்தது. எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் தொடர்ந்த பெருஞ்சூட்டில் அணுக்கள் ஊடுருவிக்கொண்டே இருக்கும். பேனல் அந்தச் சூட்டுக்கு அருகே போவதில்லை. இருந்தாலும் இதை எழுதிக் கையெழுத்திட்டே கொடுத்தோம்.

முதல் தவணை 40 துண்டு போனது. மே மாத வெயிலில் அகச்சிவப்பு வெப்பமானியோடு போய் ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தோம். சந்திப்புக்கும் பக்கத்துப் பட்டைக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

இரண்டாம் தவணையில் ஒரு பாடம் காத்திருந்தது. கடைசிப் பட்டைகளில் அடிப்பக்கம் மறுபடி ஒட்டாமல் நின்றது. அளவு எதையும் மாற்றவில்லை, பட்டைகளும் அதே சரக்கு. பின்னை மைக்ரோமீட்டரில் அளந்தால் முனைப்பக்கம் 5.7 மி.மீ. செம்பைத் துடைத்துத் துடைத்து ஆரத்தில் 0.15 மி.மீ தேய்ந்திருக்கிறது. நாங்கள் வைத்த தொடுதலே 0.2 மி.மீதான், அதில் முக்கால்வாசி போய்விட்டது. புதுக் கருவியாக உள்ளே போனது நேர் உருளை, தேய்ந்து வெளியே வந்தது கூம்பு. கூம்புப் பின்னில் பார்த்த அதே குறை, அதே இடத்தில், அதே காரணத்தால்.

அதிலிருந்து பத்துப் பட்டைக்கு ஒருமுறை பின்னைக் கழற்றி அளக்கிறோம். ஒட்டிக்கொண்ட அலுமினியத்தோடு அளந்தால் அளவு பொய் சொல்லும், அதனால் முதலில் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைக்கிறோம். அது அலுமினியத்தை மட்டும் கரைக்கும், எஃகைத் தொடாது. கரையும்போது ஹைட்ரஜன் வாயு கிளம்பும், ஆகவே வெட்டவெளியில், நெருப்புக்குத் தூரமாக, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டுதான் செய்ய வேண்டும். பின் தேய்ந்த அளவுக்கு, பின் செம்புப் பக்கம் நெருங்கும்படி மேசையை நகர்த்தி ஈடுகட்டலாம். முனையும் மேல்பக்கமும் 0.1 மி.மீக்கு மேல் வேறுபட்டால் கருவியை மாற்றிவிடுகிறோம்.

மறுபடி தொடங்குவதென்றால்

முதல் நாளே பின்னை அலுமினியத்துக்குள் நகர்த்தி வைத்துத்தான் ஓட்டத்தை ஆரம்பிப்பேன். மையத்தில் வைத்து நாங்கள் ஓட்டிய பட்டைகள், கடினப்படுத்திய கருவிகள், அதில் கழிந்த இரண்டு மாதம் எல்லாமே அந்த ஒரு அளவை மாற்றாததால் வீணானவை. எல்லாப் பட்டைகளையும் ஓட்டி முடிப்பதற்கு முன்பே ஒரு துண்டை அறுத்துப் பார்ப்பேன். மேற்பரப்பு அழகாக இருப்பதைக் கண்டு மயங்கியது ஒருமுறை அல்ல.

பக்கம் மாற்றியதையும் தலை சாய்த்ததையும் ஷோல்டரில் குழிவு கடைந்ததையும் ஒரே நாளில் செய்தோம். எது எவ்வளவு உதவியது என்று இன்றும் பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. ஓட்டத்துக்கு ஒரு மாற்றம் என்று பிறகு கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம். ஷோல்டரின் பங்கு தெளிவாகப் பிடிபட்டது அதனால்தான்.

கருவியின் படத்தில் இப்போது நாலு விஷயம் கட்டாயம் எழுதுகிறோம்: ஸ்பிண்டில் சுற்றும் திசை, மரை இருந்தால் எந்தக் கை, பின் அடியில் ரேடியஸ், தேய்மான வரம்பு. எந்தத் தட்டு முன்னேறும் பக்கம், எது பின்வாங்கும் பக்கம் என்பதை மார்க்கரால் தட்டின்மேலேயே எழுதுகிறோம். அப்புறம், கிளாம்ப்பை மூன்றிலிருந்து ஐந்தாக்கினோம். ஆறாவது துண்டு சொல்லிக்கொடுத்தது அது.

பேனல்காரர் இப்போது 8 மி.மீ கனத்தில் கேட்கிறார். பின் நீளமாகும், வளையும் விசை கூடும், 6 மி.மீ உருளை தாங்காது. உருளையைத் தடிமனாக்கினால் ஷோல்டரும் பெரிதாகிச் சூடு ஏறும். மூன்று பட்டைகளையும் லேசாக முறுக்கிச் சீவினால் குறைந்த சூட்டிலேயே அலுமினியம் அடிவரை இறங்கும் என்று அண்ணன் சொல்கிறார். எந்தக் கை முறுக்கு என்று இந்தமுறை போல்ட்டையும் நட்டையும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ராடை லேத்தில் ஏற்றினார். பின்னைக் கடைந்து முடித்தாயிற்று, இந்த வாரம் கடினப்படுத்த அனுப்புகிறோம்.